இடப்பக்கம் திரும்பாத வண்டி

அப்பா வண்டி இடப்பக்கம் திரும்பாது என்பதை முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். அதை வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படித்துவிட்டு அவளே வந்து சொல்லுவாள்.

திரும்பாது என்றால், ஹேண்டில்பார் திரும்பும். வண்டியும் திரும்பும். என்ஜின் மட்டும் கூட வராது. வேகத்தைக் குறைத்து நம் கேட்டுக்குள் நுழைய இடப்பக்கம் முழுசாக ஒடித்தால் 'டப்' என்று அணையும். முன்சக்கரம் வீட்டுக்குள், பின்சக்கரம் தெருவில். ஹேண்டிலை நேராக்கி கிக்கரை ஒரு உதை விட்டால், எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பும். என் வண்டி சர்வீஸுக்குப் போனதிலிருந்து எனக்கு இந்த அனுபவம் தினமும்.

"இடப்பக்கம் ஒடிச்சாத்தாங்க நிக்குது" என்றாள். "வண்டிக்கு இடது வலது எல்லாம் தெரியாதும்மா" என்று நானும் மச்சானும் ஒரே குரலில் சொன்னோம். மற்ற எந்த விஷயத்திலும் எங்களுக்கு அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

மச்சானுக்கு எந்த வண்டிக்கு என்ன வந்தாலும், பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்தான். டயர் பஞ்சரானால்கூட பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம் என்பான். கழற்றினான். துடைத்தான். மறுபடி ஒயர் முனையிலிருக்கிற மூடியில் மாட்டி, என்ஜின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னை உதைக்கச் சொன்னான். பிளக்கின் இரும்பு உடம்பு என்ஜினைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் கரன்ட் திரும்பிப் போக வழி உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் அவன் கையை லேசாகத் தூக்கிவிட்டான். 10,000 வோல்ட்டுக்கு மேல் வருகிற இடம் அது. அந்த நேரத்தில் என்ஜினைவிட மச்சான்தான் அதற்குக் கிட்டத்தில் இருந்தான்.

"அக்கா!" என்று அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அண்ணன் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். ஆனாலும் தொழில் பக்தி போகவில்லை. கையை உதறிக்கொண்டே, "ஸ்பார்க் நல்லா நீலமா வருது மாமா, மஞ்சளா வந்தாத்தான் பிரச்சினை" என்று அறிக்கை கொடுத்தான்.

இந்த அமர்க்களம் முழுக்க அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். அடுத்த தெருவில் ஒரு மோட்டார் முனகினாலே பேரிங் போச்சு என்று தீர்ப்புச் சொல்கிறவர், வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அங்கே வண்டி குணத்தில் தங்கமாகிவிட்டது. நேராக ஓட்டிப் போய் நேராக வந்து, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ஜின் சுற்றும்போதே ஸ்பார்க்குக்குக் கரன்ட் தயாரிக்கிற மேக்னட்டின் கவரைத் திறந்தார். ஸ்பார்க் வரவேண்டிய நேரத்தில் திறந்து மூடுகிற பாயின்ட்டை எமரி தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கு வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கண்டன்சரையும் மாற்றினார். அதைக் குறை சொல்ல முடியாது. பாயின்ட் திறக்கிற நொடியில் அங்கே பொறி பறக்காமல் அடக்குவது கண்டன்சர்தான். அது போனால் பாயின்ட் கருகும், பிளக்கில் ஸ்பார்க் சோகையாகிவிடும். ஆனால் நம் பாயின்ட் பளபளவென்றுதான் இருந்தது.

"அப்போ காயில் சூடாகுது சார்" என்றார் கடைசியாக. காயில் என்பது பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கிற கம்பிச் சுருள்; சூட்டில் படுக்கிற காயிலும் உண்டுதான். ஆனால் அது ஆறினால்தான் எழுந்திருக்கும். இது ஹேண்டிலை நேராக்கிய அடுத்த உதையில் எழுகிறதே? சூடு என்ன இடம் வலம் பார்த்தா வரும்?

ஆக, மனைவி சொன்னதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த மாதிரி பழைய மேக்னட் வண்டிகளில் சாவியை மூடுவது என்பது கரன்ட்டை வெட்டுவது இல்லை; கரன்ட்டை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு பாடியில், தட்டிவிடுவது. காயிலிலிருந்து ஒரு ஒயர் சாவிக்குப் போகிறது. மூடினால் அது பாடியோடு சேர்ந்துகொள்ளும், பிளக்குக்குப் போகவேண்டியது வழியிலேயே பாடிக்குப் போய்விடும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டாலும் என்ஜின் ஓடும், இந்த ஒரு ஒயர் எர்த்தானால் ஓடாது. அப்படியானால் நடுவில் எங்கேயாவது அது தோலுரிந்து இரும்பைத் தொட்டாலும், சாவியை மூடியதாகத்தான் வண்டி எடுத்துக்கொள்ளும். மூடியது யார் என்றெல்லாம் அது விசாரிக்காது.

காயில் பக்கம் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். இடப்பக்கம் ஒடித்தேன். அணையவில்லை! வீட்டுக்கு முன்னால் இடப்பக்கமாகவே வட்டம் போட்டேன். எதிர்வீட்டு அண்ணன் கைதட்டினார். பெருமையோடு சாவியை மூடினேன். ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்கிற ஒயரைத்தானே கழற்றி வைத்திருக்கிறேன்! சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டும் பார்த்தேன், அதற்கு ஒரு மரியாதையும் இல்லை. அம்மா உள்ளேயிருந்து, "அதை அணைச்சுத் தொலைடா, போன்ல ஒண்ணும் கேக்கல!" என்றாள். கடைசியில் டாப் கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை மெல்ல விட்டுக் குலுக்கிக் குலுக்கித்தான் அடக்கினேன்.

அடுத்து மல்டிமீட்டர்; அதன் இரண்டு முனைக்கும் நடுவே கரன்ட் போக வழியிருந்தால் பீப் அடிக்கும். சாவியைத் திறந்து வைத்து, ஒரு முனையைக் கழற்றிய ஒயரிலும் இன்னொன்றைப் பாடியிலும் வைத்தேன். காயிலைக் கழற்றாமல் பார்த்தால் மீட்டர் காயிலுக்குள் புகுந்தே எர்த்தைக் கண்டுபிடித்து ஏமாற்றிவிடும், அது வேறு. மீட்டர் மௌனம். அதற்குள் பாப்பா டேங்க்மேல் ஏறி உட்கார்ந்து வாயாலேயே வண்டி ஓட்ட ஆரம்பித்திருந்தாள். ட்ர்ர்ர் என்று வலப்பக்கம் போனாள், மீட்டர் சும்மா இருந்தது. இடப்பக்கம் ஒடித்தாள். பீ...ப். மறுபடி வலம், மௌனம். இடம், பீ...ப். அவளுக்கு ஹாரன் கிடைத்த சந்தோஷம். மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஹெட்லைட்டைக் கழற்றினேன். ஸ்டீயரிங் கழுத்தை ஒட்டி ஒயர் கட்டு வளைகிற இடத்தில், பழைய கறுப்புத் துணி டேப் பசை காய்ந்து விரிந்து கிடந்தது. உள்ளே ஒரு ஒயர் மட்டும் தோல் தேய்ந்து செம்பு மின்னியது. டேப்பின் மேலே நூல் சுற்றி இரட்டை முடிச்சு. பழைய பேப்பர் கட்டிலிருந்து துணிமூட்டை வரை நம் வீட்டில் எல்லாவற்றிலும் இருக்கிற அதே முடிச்சு.

"அப்பா, இது நீங்க கட்டினதா?"

பேப்பர் கீழே இறங்கவில்லை. "அது ரொம்ப நாளா அப்படித்தான்."

"எவ்ளோ நாளா?"

"நீ காலேஜ் போறப்பவே இருந்துச்சே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்கிட்ட யாரு கேட்டா?" என்றவர், கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டார்: "தெருவுக்கு அந்தப் பக்கமா சுத்தி வந்தா நம்ம கேட்டு வலப்பக்கம் வந்துரும். ஒருநாள் நின்னதில்ல."

அம்மா போனை வைத்துவிட்டு எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியாது. எங்கே போனாலும் அப்பா அம்மாவை நேர்வழியில் வீட்டுக்குக் கூட்டிவந்ததே இல்லை. பூங்காவைச் சுற்றி, மரநிழலாகப் பார்த்து, மெதுவாகத்தான் வருவார். அதை அம்மா பேசாத கல்யாண வீடு கிடையாது. "எத்தனை வேலை இருந்தாலும் என்னை ஒரு சுத்து சுத்தித்தான் கூட்டிட்டு வருவார்" என்று சித்திகளிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அப்போ, காத்து வாங்கலாம்னு சொன்னது?" என்றாள் அம்மா.

அப்பா இப்போது பேப்பரை மடித்தார். "காத்தும்தான் வந்துச்சு."

ஒயரை வெட்டிப் புதிதாக ஒட்டி, ஸ்லீவ் போட்டு, கழுத்தில் இழுபடாமல் கொஞ்சம் தளர விட்டுக் கட்டிவிட்டேன். வண்டி இப்போது எந்தப் பக்கமும் திரும்புகிறது. நேற்று இரண்டு பேரும் வெளியே போய் நேர்வழியில் வந்து, இடப்பக்கம் ஒடித்து, ஒரே மூச்சில் கேட்டுக்குள் நுழைந்தார்கள். அம்மா இறங்கி அப்படியே உள்ளே போய்விட்டாள். அப்பா வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஓடிக்கிட்டிருந்த வண்டியை உன்னை யாருடா நோண்டச் சொன்னது?"

சரி, இனிமேல் அந்த வண்டியை நான் தொடுவதாக இல்லை. இடது இண்டிகேட்டர் வேறு மினுக்காமல் எரிந்தபடியே நிற்கிறது, பின்பக்கப் பல்பு போயிருக்கும். மச்சானிடம் சொன்னேன். எதுக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்கிறான்.