இடம் முதலில், சரவிளக்கு அப்புறம்

சரவிளக்கு வாங்க நினைப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கடைக்குப் போவதற்கு முன் ஒரு டம்மி செய்து, மாட்டப் போகும் இடத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, நடுவில் ஹோல்டரும் 9 வாட் எல்இடி பல்பும் வைத்து, கயிற்றில் கட்டினால் போதும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் ஏற்காட்டில் சித்தப்பாவின் தோட்ட வீட்டுக்கும் இப்படித்தான் ஒவ்வொரு இடமாக முடிவு செய்தேன். ஏற்காட்டு வேலை இன்னும் பாதியில் இருக்கிறது. இதுவரை ஆனதை எழுதி வைக்கிறேன்.

கூடம்

கூடம் 20 அடிக்கு 14 அடி. உயரம் 10 அடி. விளக்கின் அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டினால் வரும் எண்தான் விளக்கின் விட்டம், அங்குலத்தில். எங்களுக்கு 34 வருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஃபேனுக்கு இடமே இல்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபேனைக் கழற்றிவிட்டு விளக்கு மாட்டுவது நடக்காத காரியம். எங்கள் கூடத்தில் 48 அங்குல ஃபேன் இரண்டு, மையத்துக்கு மையம் 10 அடி தூரத்தில். இறக்கை நுனிகளுக்கு நடுவே மிஞ்சுவது 6 அடிதான். 34 அங்குல அட்டையைத் தொங்கவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது போலத் தெரிந்தது. 26 அங்குலத்துக்குக் குறைத்தேன். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 2 அடி இடைவெளி கிடைத்தது, கண்ணுக்கும் நிம்மதி.

டம்மியின் உண்மையான பலன் ராத்திரியில்தான் தெரிந்தது. பல்பு மேல் பார்த்து இருந்ததால், ஃபேன் ஓடும்போது இறக்கைகளின் நிழல் கூரை முழுவதும் சுழன்றது. அதற்குக் கீழேதான் அம்மா உட்கார்ந்து பேப்பர் படிப்பார். “தலை சுத்துது சாமி, அந்த பல்பைக் கீழ்ப்பக்கம் திருப்பு” என்றார். திருப்பியதும் நிழல் போய்விட்டது. மெழுகுவத்தி போல மேல் பார்த்து நிற்கும் பல்புகளோடு ஒரு விளக்கைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருந்தேன். கடையில் ஃபேன் ஓடாமல் அது எவ்வளவு அழகாக இருந்திருந்தாலும் எங்கள் கூடத்துக்கு ஆகாது. கீழ் நோக்கிய பால் கண்ணாடிக் கிண்ணங்கள் உள்ள ஆறு கைப் பித்தளை விளக்கை எடுத்தோம். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. இறக்கைகளுக்கு மேலே விளக்கு இருந்தால் அறை முழுவதும் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும்.

உயரத்துக்கு ஒரே விதி: ஆள் நடமாடும் இடத்தில் விளக்கின் அடிப்பாகம் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. நடுவில் டீப்பாய் இருப்பதால் கொஞ்சம் இறக்கலாமே என்று தம்பி கேட்டான். விசேஷம் என்றால் டீப்பாயைத் தூக்கிவிட்டுப் பாய் விரிக்கிற வீடு இது. அதனால் ஏழேகால் அடியில் நிறுத்தினேன்.

மாட்டுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஃபேன் கொக்கி ஃபேனுக்குத்தான் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லை. தளத்தில் துளை போட்டு, கான்கிரீட்டைக் கவ்விப் பிடிக்கும் ஆங்கர் ஃபாஸ்ட்னர் போல்ட்டை இறக்கிக் கொக்கி வைத்தோம். ஃபால்ஸ் சீலிங் இருக்கும் வீட்டில் ஜிப்சம் பலகையில் ஒருபோதும் எடையை ஏற்றாதீர்கள், கொக்கி அதைத் தாண்டிக் கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும். குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையில் இரண்டு பெரிய சரவிளக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 3.5 டன். அவற்றைத் தொங்கவிடும் முன் கூரை தாங்குமா என்று யானைகளை மேலே ஏற்றிப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை. நான் 25 கிலோ அரிசி மூட்டையைக் கொக்கியில் கட்டி ஒரு ராத்திரி முழுவதும் விட்டுவைத்தேன். விளக்கு 9 கிலோ. அப்புறம்தான் மாட்டச் சொன்னேன். எடை சங்கிலியில் நிற்க வேண்டும், ஒயர் தளர்வாக ஓட வேண்டும். உடம்பு உலோகம் என்பதால் பச்சை ஒயரை, அதாவது எர்த்தை, கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் தம்பி, “பரவால்லைங்கக்கா, கூரையிலதானே இருக்குது, யார் தொடப்போறாங்க?” என்றார். தூசி துடைக்கிற நான் தொடுவேன் என்றேன். உடனே இழுத்துக் கொடுத்துவிட்டார்.

பல்பு 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம். நம் ஊரில் 6500 கெல்வின் பளீர் வெள்ளைதான் வெளிச்சம் என்று பழகிவிட்டது. பித்தளைக்கு அது ஆகாது, வெளிறிப் போகும். பேப்பர் படிக்கப் பழைய ட்யூப்லைட் தனி சுவிட்சில் அப்படியே இருக்கிறது. சரவிளக்கே எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதற்குச் செய்கிற அநியாயம்.

சாப்பாட்டு மேசை

இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு, மேசைக்கு மேல் 30 முதல் 36 அங்குலம். விளக்கின் விட்டம் மேசை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு. எங்கள் மேசை 36 அங்குல அகலம், ஆகவே 18 அங்குல விளக்கு. உட்கார்ந்து தாமே எடுத்துப் போட்டுச் சாப்பிடுபவர்களுக்கு 30 அங்குலம் சரி. எங்கள் வீட்டில் ஒருவர் நின்று பரிமாறுவார். அட்டையை 30-இல் கட்டியபோது சாம்பார் வாளியோடு குனிந்த அத்தையின் முகத்துக்கு நேராக பல்பு எரிந்தது. 36-க்கு ஏற்றியதும் சரியாகிவிட்டது. பல்பு வாங்கும்போது நிறம் காட்டும் திறனை, சிஆர்ஐ என்று டப்பாவில் போட்டிருப்பார்கள், பார்த்து 90 உள்ளதை எடுங்கள். கீரை பச்சையாகவும் ரசம் ரசத்தின் நிறத்திலும் தெரியும்.

மாடிப்படிக்கு அதிகம் யோசிக்கவில்லை. மேல் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று ஒட்டடைக்குச்சி எட்டுகிற இடத்தில் மூன்று கண்ணாடி உருண்டைகள், மேலேயும் கீழேயும் போட்டு அணைக்க டூ வே சுவிட்ச். அவ்வளவுதான்.

ஏற்காடு

இதுதான் எனக்கு மனசுக்கு நெருக்கமான வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றியபோது சின்னதாக ஒரு பழைய கண்ணாடிச் சரவிளக்கு கிடைத்தது. சரங்களில் எல்லாமே கண்ணாடி, அக்ரிலிக் கலப்பு இல்லை. வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி ஜில்லென்று இருக்கும், கையில் கனக்கும். அக்ரிலிக் அப்படி இருக்காது, வருடம் போகப் போக மஞ்சளித்தும்விடும்.

மணிகளைக் கோத்திருந்த இரும்பு ஊசிகள் துருவேறி ஒடிந்திருந்தன. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் ஒரு சரத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கொலுசு வளையந்தானுங்களே, கொஞ்சம் பெருசு” என்றார். பித்தளைக் கம்பியில் வளையம் சுற்றி, ஒவ்வொன்றின் வாயையும் பற்றவைத்துக் கொடுத்தார். கம்பியை வெறுமனே வளைத்து விட்டால் கனத்தில் வாய் விரிந்து மணி கீழே விழும். பற்றவைத்த வளையம் விரியாது. ஒரு சேலத்துக்காரியாக இந்த ஒரு வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை. மணிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒயரிங் முழுவதும் புதிது.

மலைக்குக் கொண்டுபோவதற்குச் சரங்களை எல்லாம் கழற்றி, பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்டி என் மடியில்தான் இருந்தது. ஒரு மணிகூட விரிசல் விடவில்லை.

அங்கே ஓட்டுக் கூரை, சரிவானது. ஓடு உட்காரும் ரீப்பரில் கொக்கி அடிக்கக் கூடாது, அது எடை தாங்குகிற மரம் இல்லை. குறுக்கே போகும் உத்திரத்தின் நடுவில் திருகு கொக்கி போட்டோம். உத்திரம் 9 அடியில் இருக்கிறது, விளக்கின் உயரம் 16 அங்குலம், எனவே தலை தட்டாது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வருகிற வீடு. பித்தளை பச்சை பூக்கும் என்பதால் விளக்கின் கைகளுக்கு லாக்கர் என்னும் நிறமில்லாத பூச்சு பூசியிருக்கிறேன். மழைக்குப் பின் ஈசல் கூட்டமாக வரும். வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வருவதால் இங்கே 2700 கெல்வின் போட்டேன். பல்பும் மேலே உள்ள கடையிலேயே கிடைக்கிற சாதாரணப் பின் ஹோல்டர் வகை. சின்னத் திருகு பல்புக்காகச் சேலத்துக்கு இறங்க வேண்டாம் என்று சித்தப்பா கேட்டுக்கொண்டார்.

பாக்கி இருப்பது இரண்டு வேலை. கோடை இடிக்கு முன், திடீரென எகிறும் மின்னழுத்தத்திலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைக்க வேண்டும். அப்புறம் திண்ணைக்கு ஒரு விளக்கு. அதற்கான அட்டை வட்டம், 14 அங்குலம், இப்போது அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் ரொம்பவே ஆடுகிறது. சங்கிலிக்குப் பதில் நேர்க்குழாய் வைத்துப் பார்க்கப் போகிறேன்.