டி.சி. வருவதற்கு முன்பே பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தாள்

முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. மதியம் மூன்று மணிக்கு எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் யாராவது மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். போன வருடம் செப்டம்பரில் எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு சுளகுகளைப் பார்த்தேன். ஒன்று அம்மாவிடம், இன்னொன்று எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம். வாரநாள்.

"பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்றேன். பிள்ளை நிமிரவில்லை. சுற்றிய பீடியின் வாயை நகத்தால் மடக்கி மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாதான் பதில் சொன்னாள்: "ஃபீஸ் பாக்கி, மதினி. கட்டிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து வாரம் ஆகிறது."

பிள்ளையின் அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் விழுந்து காலை முறித்துக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். அதுவரை ஒழுங்காகப் பணம் கட்டிய வீடுதான். அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று போனால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்கிறார்கள், பழைய பள்ளியில் டி.சி. கேட்டால் பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள். இந்த இடுக்கில்தான் பிள்ளை திண்ணைக்கு வந்துவிட்டாள்.

என் மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். அந்தக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதே கல்வி உரிமைச் சட்டத்தில்தான் (2009) ஐந்தாவது பிரிவு இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். அது வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. இந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, பிள்ளையையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு எங்கள் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனேன்.

அவர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பக்கத்துச் சிக்கலும் உண்மையானது. பழைய பள்ளி தன் கணினிக் கணக்கிலிருந்து பிள்ளையின் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான், புதிய பள்ளி எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரக் கணினிப் பதிவில், அவளைச் சேர்க்க முடியும். எமிஸில் பெயர் ஏறினால்தான் பாடநூலும் சீருடையும் கணக்கில் வரும். "அது வரும்போது வரட்டும் டீச்சர், பிள்ளை இன்றைக்கு வகுப்பில் உட்காரட்டும்" என்றேன். அவர் மணியடித்து எட்டாம் வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயருக்குக் கீழே பென்சிலால் அவள் பெயரை எழுதினார்கள். போன வருடத்துப் பழைய புத்தகங்கள் ஒரு கட்டு கிடைத்தன. அந்த ஆசிரியைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காகிதம் முழுவதும் சேரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இரண்டு மாதம் பீடி சுற்றிக் கையில் கூலி பார்த்துவிட்ட பிள்ளையைத் திரும்ப வகுப்புக்கு அனுப்புவது, எந்த அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவதையும்விடக் கடினம்.

அடுத்தது மனு. பழைய பள்ளியில் எழுத்து மூலமாக டி.சி. கேட்டு, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துப் போட அவர்களுக்கு மனமில்லை. அரை மணி நேரம் நின்ற பிறகுதான் போட்டார்கள். அந்த நகலை இணைத்துத் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு அனுப்பினோம். திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் இன்னொரு மனு. எழுதித் தருகிறேன் என்று வாசலில் ஆட்கள் வருவார்கள். நாங்கள் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனோம். ஒரே பக்கம்: பிள்ளையின் வகுப்பு, எமிஸ் எண், எந்தத் தேதியிலிருந்து பள்ளிக்கு வெளியே இருந்தாள், எந்தப் பிரிவின்படி கேட்கிறோம், அவ்வளவுதான். குடும்பக் கஷ்டத்தை இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. பதிவு எண் போட்ட ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்க அதுதான் பிடி. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் பேசினேன், எந்த அலுவலரிடம் போக வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

பதினோராவது நாள் பெயர் பொதுத் தொகுப்புக்கு வந்துவிட்டது. டி.சி.யும் வந்தது, ஆனால் ஓர் ஓரத்தில் "கட்டண நிலுவை உள்ளது" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடன் பட்டது பெரியவர்கள், முத்திரை மட்டும் பிள்ளையின் சான்றிதழிலா? டி.சி.யில் கட்டண பாக்கியைக் குறிப்பிடக் கூடாது, பாக்கியைப் பெற்றோரிடம் சட்டப்படி வசூலித்துக்கொள்ளலாம் என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தச் செய்தியின் நகலோடு திரும்பப் போனோம். அந்த வரி இல்லாத புதிய சான்றிதழ் மறுநாளே கிடைத்தது. பாக்கியைத் தவணையில் கட்டுகிறோம் என்று அம்மா எழுதிக்கொடுத்தாள், மாதாமாதம் கட்டியும் வருகிறாள். பதிவேட்டில் பென்சில் பெயர் மேல் மை ஏறியது.

ஒரு வருத்தம் மட்டும் தீரவில்லை. கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இவள் ஆறும் ஏழும் தனியாரில் பணம் கட்டிப் படித்தவள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை நான் இப்போது ஒவ்வொருவரிடமும் சொல்லிவருகிறேன்.

ஆனால் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வருடம் 12,000 ரூபாய். நேரத்தோடு சேர்ந்ததால் விண்ணப்பித்துவிட்டாள். அரையாண்டு விடுமுறை முழுக்க அதே திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தேர்வின் மனத்திறன் தாளைப் பழகினாள். 90 கேள்வி, 90 நிமிடம். நான் எதிர்த்திண்ணையில் கைப்பேசியில் நேரம் பார்ப்பேன். முதல் நாள் 51 கேள்விதான் முடிந்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் ஏழு நிமிடம் மிச்சம் வைத்துத் தாளை நீட்டினாள்.