நாலரை இஞ்ச் பாம்புச் சுவர்: இதுவரை நடந்தது

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஈஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்த பிரபு வீட்டு மாளிகையை 1920களில் இடித்துவிட்டார்கள். எஸ்டேட்டைச் சுற்றியிருந்த செங்கல் மதில் மட்டும் இன்னும் நிற்கிறது. நேராக இல்லை, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. டச்சு மொழியில் இந்த வகைக்குப் பெயரே பாம்புச் சுவர்தான். இங்கே கிரிங்கிள் கிராங்கிள் என்பார்கள்.

போன வருடம் அதை ஒட்டி நடந்தபோது தடிமனைப் பார்த்தேன். அரைக்கல். நம் கொத்தனார்கள் சொல்லும் நாலரை இஞ்ச் சுவர். வீட்டுக்குள் தடுப்பு எழுப்புகிற கனத்தில், முட்டுத் தூண் ஒன்றுகூட இல்லாமல், வெட்டவெளியில் ஒரு மதில்! வளைவுதான் தாங்குகிறது என்று படித்திருந்தாலும் கையால் செய்து பார்க்காமல் மனம் ஆறவில்லை.

12-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்வது என்று முடிவு. இங்குள்ள செங்கல் 215 × 102 × 65 மி.மீ. என் கல் 18 × 8.5 × 5.4 மி.மீ. வரவேண்டும். முதல் தட்டுக் களிமண்ணை அதே அளவில் வெட்டிச் சூளைக்குக் கொடுத்தேன். சுட்டபின் எல்லாம் சுருங்கி வந்தது. பத்தில் ஒரு பங்கு கூட்டி வெட்டியபின் சரியானது. மொத்தம் 1,500 கல். இந்த வேலையைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை, கழுத்து வலித்தது.

கணக்குதான் சுவாரஸ்யம். 80 செ.மீ. தூரம், 15 செ.மீ. உயரம், இரண்டு முழு வளைவு. நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 5 செ.மீ. விலகல். வளைவோடு அளந்தால் நீளம் 91 செ.மீ. வரிக்கு 48 கல், 24 வரி, ஆக 1,152. அதே தூரத்துக்கு நேராக ஒன்பது இஞ்ச் சுவர், அதாவது ஒரு முழுக்கல் கனம், வைத்தால் 2,016 கல் வேண்டும். 1784 முதல் 1850 வரை இந்த நாட்டில் செங்கலுக்கே அரசாங்கம் வரி வசூலித்தது. அந்தக் காலத்து எஸ்டேட்காரருக்கு இந்த வித்தியாசம் எப்படி இனித்திருக்கும்!

கலவை, சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சலித்த மணல் மூன்று பங்கு. முதலில் ஒப்பிடுவதற்காக 20 செ.மீ. நீளத்துக்கு அரைக்கல் சுவரை நேராகக் கட்டினேன். மூன்று வாரம் கழித்து மேஜை விசிறியை வைத்தால், அசையவே இல்லை. விரலால் தள்ளினாலும் நின்றது. அப்புறம்தான் உறைத்தது: அடி வரியைப் பலகையோடு கலவை போட்டு ஒட்டியிருக்கிறேன். போதாததற்கு, சின்ன அளவில் சுவரின் எடையோடு ஒப்பிட்டால் கலவையின் பிடிப்பு பலமடங்கு அதிகம். என் விசிறிக்கும் சஃபோக் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் சோதனையை மாற்றினேன். அடி வரியைக் கலவையில்லாமல் பலகைமேல் வைத்து மறுபடி கட்டி, பலகையைச் சுவரின் குறுக்குவாட்டில் மெல்லச் சாய்ப்பது. ஒரே துண்டாகக் கவிழ்கிற கோணம் அளவைப் பொறுத்து மாறாது, வடிவத்தைப் பொறுத்ததுதான். நேர்ச் சுவருக்குக் கணக்குப்படி 3.2 பாகை. போனில் உள்ள சாய்வுமானி 3 காட்டும்போதே விழுந்தது, படபடவென்று.

வளைவுச் சுவரைக் கட்ட ஆறு சனிக்கிழமை. நூல் பிடித்துக் கட்டிப் பழகிய கைக்கு இது வேறு பாடம்; நூல் உதவாது. அட்டையில் வளைவை வெட்டி, நான்கு வரிக்கு ஒருமுறை வைத்துச் சரிபார்த்தேன். வளைவின் வெளிப்புறத்தில் கல்லுக்குக் கல் இடைவெளி விரியும், உள்புறத்தில் ஒடுங்கும். ஏழாவது வரியில் அதைக் கவனிக்காமல் விட்டதில் ஓர் இடத்தில் மேல் வரி, கீழ் வரி இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, அங்கேயே மயிர் போல விரிசல். இரண்டு வரியைப் பிரித்துக் கட்டினேன்.

சாய்த்துப் பார்த்த நாள். சறுக்காமலிருக்கக் கீழ்ப்பக்கம் மெல்லிய ரீப்பர் கட்டை ஒன்றை ஆணியடித்திருந்தேன். 10 பாகை, 15, 20. நிற்கிறது. பாதம் 8.5 மி.மீ. இல்லை, இந்த வளைவு விளிம்பிலிருந்து அந்த வளைவு விளிம்பு வரை 108 மி.மீ. என்று கண்ணாலேயே தெரிந்தது. கணக்கு 35 பாகைக்கு மேல் போகலாம் என்கிறது. நான் 28-இல் நிறுத்திவிட்டேன். ஆறு சனிக்கிழமை உழைப்பு, துணிச்சல் வரவில்லை.

இப்போது வாசல். தொங்கும் கதவின் எடை முனையை இழுக்கும், அரைக்கல் முனைக்கு அது ஆகாது. அதனால் ஒன்றரைக் கல் சதுரத் தூண் இரண்டு, நடுவில் 75 மி.மீ. திறப்பு, மேலே அரைவட்ட வளைவு. வளைவைத் தாங்கியிருந்த சாரத்தை இரண்டாம் நாளே எடுத்தேன், வளைவு மொத்தமாக மடியில் விழுந்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அவசரப்பட்டால் நடக்காது. இரண்டாவது வளைவு ஈரத்துணிக்கு அடியில் இருக்கிறது, இன்றோடு பதினோராம் நாள். கதவுக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை இழைத்து வைத்திருக்கிறேன். கீலுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. செப்புக் கம்பியை வளைத்துப் பார்த்தேன், அது கதவோடு சேர்ந்து தொங்குகிறது.