ரோடு வந்துவிட்டது, பஸ் எங்கே?

எங்கள் பகுதிக்கு ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. பாதாள சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டியபோது, வேலை முடியும் வரைக்கும்தான் என்று சொல்லி அதை மெயின் ரோட்டோடு திருப்பிவிட்டார்கள். வேலை முடிந்தது. பள்ளத்தை மூடினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் மூடிய இடம் உள்வாங்கியது. மறுபடி ஜல்லி கொட்டினார்கள். ஒரு வழியாகப் போன வருஷம் தார் ரோடும் போட்டுவிட்டார்கள். பஸ் மட்டும் திரும்பி வரவில்லை.

ஊர் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு லட்சம் ஜனத்தொகையைத் தொடாத ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பவர்களில் சிலர் என் கடைக்கு வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அவரவர் ஊர் பெயரைப் போட்டுப் படித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஜெராக்ஸ் கடை. கூடவே ஆன்லைனில் சொத்து வரி, தண்ணீர் வரி, கரண்ட் பில் கட்டிக் கொடுக்கிறேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூட்டம் தாங்காது. அந்த மாத முடிவுக்குள் அரையாண்டு சொத்து வரியைக் கட்டினால் 5% தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. ஐயாயிரம் தள்ளுபடி வாங்கும் அளவுக்குச் சொத்துள்ளவர்கள் என் கடைக்கு வருவதில்லை. வருகிறவர்களுக்கு இருபது, முப்பது ரூபாய் மிஞ்சும். அதற்காகவும் வருவார்கள், வந்து நிற்கும்போது ரோட்டைத் திட்டுவார்கள். "இவ்வளவு வரி கட்டுறோம், ரோடு போட மாட்டேங்கிறான் பாத்தீங்களா அக்கா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் ஊர்க்காசு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நானே கொஞ்சம் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்னையைத் தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரைக்கும் உள்ள வீட்டுக்கு 25%, 1,200 வரை 50%, 1,800 வரை 75%, அதற்கு மேல் போனால் 100%. கடைகளுக்கு நேராக 100%, என் கடை உட்பட. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைத் திருத்தியாக வேண்டும் என்ற நிபந்தனையைக் காரணமாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் 2018-ல் ஒருமுறை ஏற்றி, 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். அதையும் கழித்தால் 2008-க்குப் பிறகு ஏற்றமே இல்லை. பதினான்கு வருஷமாகத் தார் விலையும் கூலியும் சும்மாவா இருந்தன? ஏற்றியதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. கடையில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரியில் தெருவுக்கென்று எடுத்துவைத்த பங்கு எதுவும் கிடையாது. நூலகத்துக்கு இருக்கிறது, சொத்து வரியின் மேல் பத்து சதவீதம் நூலக வரி. தெரு பொதுக் கணக்கில்தான் வரும், அந்தப் பொதுக் கணக்கிலிருந்து சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கரண்ட், மோட்டார் ரிப்பேர் எல்லாம் போன பிறகு மிச்சம் இருந்தால் உண்டு. மேலே இருந்து வரும் பணமாவது கைகொடுக்குமா என்றால், 2026 மார்ச் வரைக்குமான அந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் எங்களைப் போன்ற ஊர்களுக்கு 60% குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டுத்தான் தந்தார்கள். மிச்சம் 40%-க்குத்தான் ரோடு போட்டி போட வேண்டியிருந்தது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது, அது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று பிரிந்து பிரிந்து வந்து சேர வேண்டும்.

வண்டி வாங்கும்போது கட்டுகிற வரி? 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை விலையுள்ள புது டூவீலருக்கு 10%, அதற்கு மேலே 12% ஆயுள் வரி. அது மாநில அரசின் கணக்குக்குப் போகிறது. சுற்றி வளைத்து அந்தப் பத்து சதவீதப் பங்கில் கொஞ்சம் வரலாம். எங்கள் தெருவை அரைத்துத் தேய்ப்பது வண்டிகள், அதற்குக் காசு கொடுப்பது வீடுகள். வண்டியே வைத்திருக்காத கிழவியும் தன் ஓட்டு வீட்டுக்குக் கட்டுகிறாள்.

சரி, நகராட்சியிடம் பணம் இல்லையென்றால் நாமே கொஞ்சம் போட்டுச் செய்யலாமே என்று எங்கள் தெருவில் ஒருமுறை பேச்சு வந்தது. 'நமக்கு நாமே' திட்டம் 1997-ல் வந்தது, 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு போடும். எங்கள் தெருவுக்கு உத்தேசமாக ஒன்பது லட்சம் ஆகும் என்றார்கள், அப்படியானால் நாங்கள் மூன்று லட்சம் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு ஐயாயிரம். பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். வாடகைக்கு இருப்பவர்கள் "ஓனரைக் கேளுங்க" என்றார்கள். ஓனர்கள் ஃபோன் எடுக்கவில்லை. மூலை வீட்டுக்காரர், "என் கேட் அந்தத் தெருவுல இருக்கு, இந்தத் தெருவுக்கு நான் ஏன் குடுக்கணும்?" என்றார். கேட்டால் நியாயம்தான். ஒருவர் எழுந்து, ஏற்கெனவே வரி கட்டியாச்சு, மறுபடியும் எதுக்கு என்று கேட்டதும் கூட்டம் கலைந்துவிட்டது.

இரண்டு தெரு தள்ளி, பாதி வீடுகளில் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தெருவில் ஒரே வாரத்தில் பங்குத் தொகையைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், ரோடு போட்டாகிவிட்டது. திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்க முடிகிற தெருவுக்கே மீதி இரண்டு பங்கும் போய்ச் சேர்கிறது. ஓடைக்கரைக் காலனியில் யார் போய் ஐயாயிரம் கேட்பது?

எங்கள் தெருவுக்கு ரோடு கடைசியில் பொதுநிதியில்தான் வந்தது. வந்த விதத்தில் ஒரு நல்ல விஷயம், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்கள். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு போட்ட உத்தரவு அது, சாலை மட்டம் ஏறக்கூடாது என்று. அதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் மேலே மேலே பூசியதில் என் கடைக்கு இருந்த மூன்று படிகளில் இரண்டைக் காணோம். மிச்சம் இருக்கும் ஒரு படி இந்த முறை பிழைத்துக்கொண்டது.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். ஒரு பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நிற்க எத்தனை பேர் மனசு வைக்க வேண்டும் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு நகராட்சியுடையது. பஸ் நுழைவுக் கட்டணம், கடை வாடகை, சைக்கிள் ஸ்டாண்டு ஏலம், கழிப்பறை ஏலம் எல்லாம் நகராட்சிக்கு. பஸ்ஸோ அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. மினி பஸ் தனியாருடையது, பெர்மிட் ஆர்.டி.ஓ. ஆபீஸில். தெரு மட்டும்தான் நகராட்சி. பஸ் ஸ்டாண்டு வாடகையை எண்ணி வாங்கும் ஊருக்கு, எந்தப் பஸ் எந்தத் தெருவில் போக வேண்டும் என்று சொல்ல அதிகாரமும் இல்லை, அதற்கென்று ஒரு ரூபாய் ஒதுக்கீடும் இல்லை. கவுன்சிலரிடம் கேட்டால், "நம்ம கையில இல்லம்மா, டெப்போவுல குடுங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

டெப்போவின் கஷ்டமும் புரியாமல் இல்லை. டிக்கெட் விலையை 2018 ஜனவரியில் ஏற்றியதுதான் கடைசி, அதற்கு முந்தைய ஏற்றம் 2011-ல். 2018 தொடக்கத்தில் டீசல் எழுபது ரூபாயைக்கூடத் தொடவில்லை, இப்போது தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. விடியல் பயணம் என்ற இந்தத் திட்டத்துக்காக அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது, 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி. டிக்கெட் விலையை ஏற்றச் சொல்ல எனக்கு வாய் வராது. ஏற்றாவிட்டால் எங்கிருந்தாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுக்கிறார்கள், அது சரிதான்.

ஆனால் இலவசப் பஸ் என்பது பஸ் வருகிற தெருவுக்குத்தான் இலவசம். காலனியிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி என் கடைக்கு வருவாள். அவள் வீடு சின்னது, 25% ஏற்றத்தில் அரையாண்டுக்கு நூறு ரூபாய்ச் சொச்சம் கூடியது. அதற்கே முணுமுணுத்தாள். டவுன் பஸ் நின்ற பிறகு மினி பஸ்ஸில் போக பத்து, வர பத்து. அப்போது மினி பஸ்ஸில் இலவசம் கிடையாது. மாதம் இருபத்தாறு நாள் வேலை என்றால் 520 ரூபாய். வரி ஏறியதைப் பற்றி ஊரே பேசியது, பேப்பரில் வந்தது, எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். இந்த ஐந்நூற்று இருபதை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அந்த மினி பஸ்ஸும் தெரு குண்டும் குழியுமாக இருந்த நாட்களில் உள்ளே வரவில்லை. டிரைவரிடம் கேட்டேன். "பட்டை உடைஞ்சா நீங்களா தருவீங்க?" என்றார். வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையைச் சொல்கிறார். ஒருமுறை உடைந்தால் இரண்டு நாள் வசூல் போச்சு. மினி பஸ் திட்டமும் 1997-ல் வந்ததுதான், 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிதாகத் தொடங்கிவைத்த திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று தூரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டட்டும். தெரு உடைந்து கிடந்தால் இரண்டு கிலோமீட்டருக்குக்கூட வர மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்காரர். ரோடு பேச்சு எடுத்தாலே அவருக்கு ராஜ வீதிகள் ஞாபகம் வந்துவிடும். நாலு ராஜ வீதி, அதற்குப் பின்னால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று கோடு போட்ட மாதிரி இருக்கும், சமஸ்தானத்தின் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீராக்கியது என்பார். வாஸ்தவம்தான். சமஸ்தானத்தில் திவான் சொன்னால் தெருவும் வரும், வண்டியும் வரும், ஒரே கஜானா. 2024-ல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது, கூடவே காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலையும். அவர் ஸ்வீட் வாங்கி வந்தார். இப்படி ஊர் பெரிதாகும்போது நகரத்தோடு சேர்க்கப்படும் ஊராட்சிக்காரர்களுக்கு அந்தச் சந்தோஷம் இருப்பதில்லை. வரி ஏறும், கிராமத்துக்கு மட்டுமே இருந்த நூறு நாள் வேலை போய்விடும் என்று போராடினார்கள். நகரத்தோடு சேர்த்ததும் டவுன் பஸ் தெருவுக்கு வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் பேராவது யோசித்திருப்பார்களோ என்னவோ.

என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். எந்தத் தெருவை முதலில் போடுவது என்று பட்டியல் எழுதும்போது, பஸ் போகிற தெருக்களையும் பஸ் நின்றுபோன தெருக்களையும் முதலில் எழுதுங்கள். பஸ் போகும் ஒரு தெருவைச் சரி செய்தால் அதைச் சுற்றியுள்ள முப்பது சந்துக்காரர்களுக்கும் பயன். இப்போது யார் சத்தம் போடுகிறார்களோ, எந்தத் தெருவில் கட்சிக்காரர் வீடு இருக்கிறதோ, எங்கே பங்குத் தொகை கட்டினார்களோ அங்கே முதலில் போகிறது. அப்புறம், பாதாள சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டும்போது பஸ்ஸைத் திருப்பிவிடும் கடிதத்திலேயே அது திரும்பி வரவேண்டிய தேதியையும் போட்டுவிடலாம். டெண்டரில் ரோட்டுக்குத் தேதி போடுகிறவர்கள் பஸ்ஸுக்கும் போடக் கூடாதா?

2022 நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாக ஏரியா சபை, அதாவது கிராம சபை மாதிரி நகரத்தில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம், நடந்தபோது நானும் போயிருந்தேன். தெருவிளக்கு, நாய்த் தொல்லை, சாக்கடை அடைப்பு எல்லாம் பேசினார்கள். பஸ்ஸைப் பற்றிக் கேட்டதும் அது இந்தச் சபையின் பொருளில் வராது என்றார்கள். போன மாதம் ஒரே தாளில் தெருவையும் பஸ்ஸையும் சேர்த்து மனு டைப் செய்து, கடைக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். நகராட்சியிலிருந்து, பஸ் சம்பந்தமாக உரிய இடத்தை அணுகவும் என்று பதில். பஸ் தரப்பிலிருந்து, மேற்படி தெருவில் சாலை சேதமடைந்துள்ளதால் சீரமைக்கப்பட்ட பின் பரிசீலிக்கப்படும் என்று பதில்.

சாலை சீரமைத்து ஒரு வருஷம் ஆகிறது. படம் எடுத்து, ரோடு போட்ட தேதி எழுதிய பலகையும் தெரியும்படி நான்கு பிரிண்ட் போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் மறுபடி அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.