ஹேர்மிஸ் 1:200: முக்காலிக் கம்பத்துக்குக் கயிறு நின்றுவிட்டது

வாடை பிடித்து, மழையும் இறங்கி, வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் ஊறிக் கிடக்கிறது. ஆனால் நான் 1:200இல், அதாவது அசலின் இருநூறில் ஒரு பங்கு அளவில், செய்துகொண்டிருக்கும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸின் கம்பத்தில் ஒரு கயிறுகூடத் தொய்யவில்லை. கட்டின அன்று எப்படி விறைப்பாக நின்றதோ அப்படியே நிற்கிறது. கப்பல் மாதிரி செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும், மற்றவர்கள் பொறுத்தருள்க.

உடல் வேலை முன்பே முடிந்தது. பெயர்ப்பலகைக் கடையில் கழிக்கும் பிவிசி ஷீட் துண்டுகள்தான் முழுக்க. அசல் கப்பல் 182.9 மீற்றர், ஆகவே மேசையில் 91 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. இதே கப்பலுக்கு ஜப்பான் கம்பனியான அவோஷிமா 1:700இல் கிட் போட்டிருக்கிறது. அது ஒரு சாணுக்குச் சற்று மேலே வரும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஹேர்மிஸைச் சாண் அளவில் செய்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விமானங்கள் எங்கே என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். விமானம் வராது. விமானம் தாங்குவதற்கென்றே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் இது. 1918 ஜனவரியில் அடிக்கட்டை வைத்தார்கள். ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நம் கடலில் மூழ்கியபோது மேல்தளம் வெறுமை. அதன் 814ஆவது விமான அணி திருகோணமலைச் சீனன்குடாவில் தரையில் நின்றது. தாக்குதல் வரப்போகிறது என்று முதல்நாள் இரவே கப்பல் திருகோணமலையை விட்டுத் தெற்கே இறங்கி, மறுநாள் திரும்பி வடக்கே போகும்போது ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. 307 பேர் போனார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அதில் ஒருவர். நான் செய்வது அந்தக் காலைக் கப்பலை. மேல்தளத்தில் ஒரு விமானத்தை வைத்தாலும் அது வேறு ஒரு நாள் ஆகிவிடும்.

சரி, கம்பத்துக்கு வருவோம். இந்தக் கப்பலின் முகமே வலப்பக்கத்துக் கோபுரமும், அதற்கு மேலே பாரமான தலையோடு நிற்கும் முக்காலிக் கம்பமும்தான். மூன்று காலுக்கும் மூங்கில் குச்சி, குறுக்குக் கைகளுக்குத் தென்னை ஈர்க்கு. நுனிப்பக்கம் ஈர்க்கு தானாகவே மெலிந்து வருவதால் அரத்தாலே தேய்க்கும் வேலை இல்லை. காசு கொடுத்து வாங்கும் பித்தளைக் கம்பியைவிட இது நல்லது என்று யாரோடும் சண்டைக்கு நிற்பேன்.

சனியன் பிடித்தது கொடிக்கயிறுகளில்தான். முதலில் மெல்லிய தங்கூசி, தூண்டிலுக்குப் போடும் ஒற்றை நைலோன் இழை. சுருளில் இருந்த வளைவு அதன் உடம்பை விட்டுப் போகாது. ஊதுவத்திக் கங்கை கிட்டக் கொண்டுபோனால் சுருங்கி விறைக்கும், அது எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் அப்படி இழுத்துக் கட்டியது வீணைத் தந்தியாக நின்றது. மழை தொடங்கியதும் உடுப்புக் காயப்போடும் கயிறாகத் தொய்ந்துவிட்டது. நைலோன் ஈரத்தைக் குடித்து நீளும், காய்ந்தால் சுருங்கும். திரும்பவும் சூடு காட்டினால் அடுத்த வெயிலுக்கு அது ஈர்க்கை வளைக்கிறது. தையல் நூலில் மயிர் மயிராய்ப் பிசிர். மோட்டர் சுற்றும் செப்புக் கம்பி, விரல் ஒருதரம் பட்டு நெளிந்தால் நெளிந்ததுதான். வீட்டம்மாவின் தலைமயிர் அளவிலும் நிறத்திலும் அச்சு அசல், ஆனால் முடிச்சில் முறிகிறது. அந்தப் பரிசோதனை வீட்டில் நீண்ட நாள் அனுமதிக்கப்படவுமில்லை.

பதில் கிடைத்தது முகத்துவாரத்தில். பாலமீன்மடு வெளிச்சவீட்டடிக்குப் பின்னேரங்களில் போவது என் வழக்கம். வாவி கடலில் விழும் இடம், தூண்டில்காரர் எந்நேரமும் நிற்பார்கள். ஹேர்மிஸ் கிடப்பது அங்கிருந்து தெற்கே, கரையில் இருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவில், 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். 1913இல் கட்டிய அந்த 28 மீற்றர் வெளிச்சவீட்டை 1:200இல் செய்தால் 14 சென்ரிமீற்றர்தான் என்ற கணக்கும் அங்கே நின்றபோது ஓடியது. கப்பலோடு ஒரே மேசையில் வைக்கலாமா என்பதை அப்புறம் பார்ப்போம்.

பாரை மீனுக்கு லூர் என்ற போலி இரையை எறிந்துகொண்டிருந்த ஒருவரிடம் என் குறையைச் சொன்னேன். "தங்கூசி தண்ணி குடிக்கும் தம்பி. பிரேய்டு குடிக்காது. பிரிச்சுப் பாருங்க, மறுகா சொல்லுங்க" என்று ரீலில் இருந்து ஒரு பாகத்தை வெட்டித் தந்தார். பிரேய்டு என்றால் பல இழை சேர்த்துப் பின்னிய தூண்டில் நூல். இது பிஈ 0.6 (நூலின் பருமனைச் சொல்லும் எண்), நாலு இழை. ஒரு இழையைப் பிரித்து எடுத்தால் ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர். இருநூறால் பெருக்கினால் 1.2 சென்ரிமீற்றர், கொடிக்கயிற்றுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல.

ஆனால் இந்த இழையில் சுப்பர் குளூ பிடிக்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஊதுவத்தியைக் காட்டினால் சுருங்காமல் அப்படியே உருகி அறும். ஆகவே பசையும் இல்லை, சூடும் இல்லை, முடிச்சு மட்டும்தான். மேலே ஈர்க்கில் யூனி முடிச்சு. தூண்டிலில் போடும் அதேதான், இரண்டு சாமணத்தால் போட வேண்டும். பிரேய்டு வழுக்கும் என்பதால் சுற்றை ஆறுக்குக் குறைக்கக் கூடாது. முடிச்சு கொஞ்சம் பருத்துத் தெரியும், ஆனால் தூரத்தில் அது கப்பி மாதிரியே இருக்கிறது! கீழே கோபுரத் தளத்தில் ஊசித் துளை. இழையைத் துளைக்குள் விட்டு, அடியில் தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக் குண்டைக் கடித்துத் தொங்கவிட்டேன். குண்டின் பாரமே இழையை விறைக்கும். இடமும் வலமும் ஒரே நேரத்தில் ஒரே எடை தொங்க வேண்டும், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் குறுக்குக் கை திருகும். பிறகு ஈர்க்குச் சீவல் ஒன்றைத் துளையில் ஆப்பாக அடித்து, அடியில் எப்பொக்சி பூசி, காய்ந்த பின் குண்டை வெட்டிவிடலாம்.

நிறம் இன்னும் தலையிடி. மார்க்கர் மை விரல் பட்டால் வந்துவிடுகிறது. பத்து மீற்றருக்கு ஒரு நிறம் மாறும் பிரேய்டில் கரும்பச்சைப் பாகத்தைத் தேடி வெட்டுவதே சுகம். கடையில் முழுச் சுருள்தான் விற்பார்கள், நமக்கோ ஒரு முழம் போதும். அதனால் வெளிச்சவீட்டடியில் தூண்டில்காரர் சிக்கெடுத்து வெட்டி எறியும் துண்டுகளைப் பொறுக்கிக்கொள்கிறேன். பிரேய்டு பறவைக் காலில் சுற்றும், கரையில் கிடக்காமல் இருப்பதும் நல்லதுதான். துண்டு பொறுக்கப் போய் மீன் கதையில் நேரம் போவது வேறு கணக்கு. கொடுவா எந்த நீரோட்டத்தில் கடிக்கும் என்பது இப்போது எனக்கும் தெரியும், ஒரு தூண்டில்கூட வாங்காமல்.

பின்பக்கப் படகுகளும் 5.5 அங்குலப் பீரங்கிகள் ஆறும் இன்னும் பாக்கி. அதற்குள் வம்பயரின் அடிக்கட்டையை வெட்டிவிட்டேன். ஹேர்மிஸோடு கூட வந்து அதே காலையில் மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரி, 1:200இல் 48 சென்ரிமீற்றருக்குக் கிட்ட. அதற்குக் கயிறு இன்னும் அதிகம், ஆகவே கரும்பச்சைத் துண்டு வைத்திருப்பவர்கள் எறிய வேண்டாம்.