எம்டனை வீழ்த்திய கப்பலின் கொடிமரம்

யாராவது தந்திரமாக ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டால் எங்கள் பாட்டி, "அவன் சரியான எம்டன்" என்பார். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு மழை பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றி எரியவைத்துவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் அது என்பதை, உயர் நீதிமன்ற வளாகத்து மதிலில் பதித்திருக்கும் நினைவுக் கல்லைப் பார்த்த பிறகே அறிந்தேன். ஆகவே சிட்னி நகருக்குப் போனபோது, எம்டனின் கதையை முடித்த கப்பலின் கொடிமரத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

சர்க்குலர் கீயில் படகேறி, டாரோங்கா விலங்குக் காட்சிசாலைத் துறையில் இறங்கி, மரங்கள் அடர்ந்த கரையோரப் பாதையில் நடந்தால் பிராட்லீஸ் ஹெட் என்னும் முனை வருகிறது. அங்கே, துறைமுகத்தைப் பார்த்தபடி, மூன்று எஃகுக் கால்களில் நிமிர்ந்து நிற்கிறது ஹெச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் கொடிமரம். கப்பலை உடைத்துப் பிரித்த பின்னர், 1934இல் இதை இங்கே நிறுவினார்கள். இவ்வழியாகச் செல்லும் ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல்கள் இதற்கு முறைப்படி மரியாதை செலுத்திவிட்டே கடக்கின்றன.

1914 நவம்பர் 9 அன்று, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் தன் வீரர்களைக் கரையிறக்கியது. பினாங்குத் துறைமுகத்தில் போலிப் புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஆங்கிலேயக் கப்பல்போல நுழைந்த அதன் தந்திரம் இங்கே பலிக்கவில்லை. நிலையத்தார் முந்திக்கொண்டு அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக அருகில் வந்துகொண்டிருந்த சிட்னி உடனே விரைந்தது. முதலில் சுட்டது எம்டன்தான். அந்தக் குண்டுகள் சிட்னியின் தொலைவுமானியைச் சிதைத்தன. ஆனால் சிட்னியின் ஆறு அங்குலப் பீரங்கிகள் சுடும் தூரமும் அவற்றின் வலுவும் அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகச் சண்டையிட்டு உருக்குலைந்த எம்டனை, அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் கொண்டுபோய் மோதி நிறுத்தினார். சிட்னியில் 4 பேர் இறந்தார்கள். எம்டனில் 130க்கும் மேற்பட்டோர். ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அதுவே முதல் பெரும் வெற்றி.

இரும்பைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. சிறுவயது முதல் கேட்ட ஒரு சொல்லின் மறுமுனை இவ்வளவு தூரத்தில், இவ்வளவு அமைதியான இடத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாலையில் நகரின் நடுவே உள்ள ஹைட் பூங்காவுக்குச் சென்றேன். போர்வீரர் நினைவு மண்டபம் அமைந்துள்ள அதே பூங்காவின் ஒரு மூலையில், எம்டனிலிருந்து கழற்றி வந்த பீரங்கி ஒன்று பீடத்தின்மேல் இருக்கிறது, 1917இலேயே வைத்துவிட்டார்கள். பேருந்துகள் இரையும் சாலைச் சந்திப்பு அது; பெரும்பாலோர் நிமிர்ந்து பார்க்காமல் போகிறார்கள். வென்ற கப்பலின் கொடிமரத்துக்குக் கிடைத்த கடலும் காற்றும் இதற்கும் கிடைத்திருக்கலாம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. சென்னையை நோக்கிச் சுட்ட பீரங்கிகளுள் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு, விளக்குகள் எரியத் தொடங்கும்வரை அதன் எதிரே நின்றிருந்தேன்.