தலையெண் 11.2.5, வாலில் யு2

2023 செப்டம்பரில் பாதுகாப்புத் தணிக்கைக் குழுவிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வந்தது: சிவிஇ-2023-20900 ஓட்டையை அடைக்க வேண்டும், விஎம்வேர் டூல்ஸ் பதிப்பு 12.3.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்.) பட்டியலில் இருந்தது என் பொறுப்பிலுள்ள டெபியன் 11 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) சர்வர், விஎம்வேரில் ஓடும் மெய்நிகர் இயந்திரம். டூல்ஸ் என்பது அந்த இயந்திரத்துக்குள் இருந்தபடி விஎம்வேருடன் பேசும் துணை மென்பொருள்.

உள்ளே பார்த்தால் டூல்ஸ் 10.3 வரிசை. டெபியன் 9 காலத்தில் யாரோ டார் கோப்பை அவிழ்த்து, பெர்ல் ஸ்கிரிப்டை ஓட்டி நிறுவியிருக்கிறார். பிறகு இயங்குதளம் இரண்டு முறை மேலேறியும், குடிமாறும் வீட்டுக்கெல்லாம் கூடவே வரும் தகரப் பெட்டி போல இதுவும் வந்திருக்கிறது. டூல்ஸின் திறந்த மூல வடிவமான டெபியனின் ஓப்பன்-விஎம்-டூல்ஸ் தொகுப்பை அப்படியே இதன்மேல் நிறுவினால், ஒரே பெயருள்ள கோப்புகளுக்கு இரண்டும் அடித்துக்கொள்ளும். பழையதை முதலில் கழற்றியாக வேண்டும்.

இரவு ஸ்னாப்ஷாட் (கெட்டுப்போனால் திரும்பிவர, அந்த நேர நிலையின் பதிவு) எடுத்துக்கொண்டேன். நெட்வொர்க்கை நம்பியிருக்கும் எஸ்எஸ்எச் தொலை இணைப்பு வழியாகச் செய்யத் துணிவில்லை. விஎம்வேரின் நிர்வாக மென்பொருளான விசென்டரின் கன்சோலைத் திறந்து, அங்கிருந்து விஎம்வேர்-அன்இன்ஸ்டால்-டூல்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினேன். நெட்வொர்க் அறுந்துவிடுமோ என்ற பயம் வீண். நெட்வொர்க்கை இயக்கும் விஎம்எக்ஸ்நெட்3 டிரைவர் 2.6.32 பதிப்பு முதலே லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. விசென்டர் திரையில் மட்டும் சர்வரின் ஐபி முகவரி மறைந்தது. அதைச் சொல்பவனே டூல்ஸ்தானே.

டெபியனின் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் புதிய தொகுப்பை நிறுவியதும் ஐபி முகவரி திரும்பியது, பதிப்பு நிலை ‘கெஸ்ட் மேனேஜ்டு’ (டூல்ஸைப் பார்த்துக்கொள்வது உள்ளிருக்கும் இயங்குதளமே) என்று மாறியது. (டெஸ்க்டாப் என்று முடியும் தொகுப்பைத் தொடாதீர்கள். திரையே இல்லாத சர்வருக்கு வரைகலை நூலகங்கள் எதற்கு?) மறுதொடக்கம் செய்து, காப்புப்பிரதி வேலையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கோப்பு முறைமையில் எழுதுவதைச் சற்று நிறுத்திவைத்து எடுக்கும் ஸ்னாப்ஷாட் சரியாக முடிந்தது.

பிறகு பதிப்பைக் கேட்டால், 11.2.5.

தணிக்கை கேட்பது 12.3.0. மூலநிரலை இறக்கி நானே தொகுத்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். செய்திருந்தால் இன்னொரு தகரப் பெட்டி. நல்லவேளை, முழுத் தொகுப்பு எண்ணைப் பார்க்கத் தோன்றியது: வாலில் டெப்11யு2 என்றிருந்தது. தொகுப்பின் மாற்றப் பதிவுகளைக் காட்டும் ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளையைக் கொடுத்ததும், முதல் பதிவிலேயே அந்த சிவிஇ எண். டெபியன் நிலையான வெளியீட்டில் பொதுவாகப் பதிப்பை ஏற்றுவதில்லை. ஒட்டுத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பில் தைத்துவிடுகிறது. தணிக்கைக் குழுவின் சோதனைக் கருவி பார்த்ததோ 11.2.5 என்ற தலையெண்ணை மட்டும்.

சேஞ்ச்லாக் வரிகளை இணைத்துப் பதில் அனுப்பினேன். இரண்டு நாள் விளக்கக் கடிதங்களுக்குப் பின் ஏற்றுக்கொண்டார்கள்.

அக்டோபர் இறுதியில் டூல்ஸில் அடுத்த ஓட்டை, சிவிஇ-2023-34058 வந்தது. இம்முறை ஒரே ஒரு ஆப்ட் கட்டளை. தலையெண் அதே 11.2.5, வாலில் யு3. பழைய கடிதத்தில் எண்களை மட்டும் மாற்றி, அவர்கள் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டேன்.